நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை: ரோல்பிளே ஆட்டத்தில் 'நியூட்ரல்' என்றால் என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான ஆட்டத்துக்கு முதல் தடவை உட்காருபவர் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். பெயர், இனம், தொழில், உடல் பலம், அறிவு என்று கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று 'அலைன்மென்ட்'. உங்கள் கதாபாத்திரம் நன்மை தீமை விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்தக் கட்டம் கேட்கிறது. காரைக்குடியில் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேராவது யோசிக்காமல் அங்கே 'நியூட்ரல்' என்று எழுதிவிடுவார்கள். நல்லவன் என்று போட்டால் திருட முடியாது, கெட்டவன் என்று போட்டால் மற்றவர்கள் கூடச் சேர்க்க மாட்டார்கள், நடுவில் போட்டால் வம்பில்லை. இதுதான் கணக்கு.

என் பார்வையில், அங்கே எழுதக்கூடியவற்றிலேயே ஆடுவதற்குச் சிரமமானது இந்த நியூட்ரல்தான். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், ஆட்டமே தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் ஓடிவிடுகிறேன்" என்று தங்கள் செயலைச் சொல்வார்கள். சந்தேகமான இடங்களில் இருபது முகப் பகடையை உருட்டி முடிவு பார்ப்பார்கள். ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆள் அந்த இடத்தில் என்ன செய்வார் என்பதுதான் ஆட்டம். அதனால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று முதலிலேயே கேட்கிறார்கள்.

இந்தக் கட்டம் எப்படி வந்தது என்பது சுவாரஸ்யமானது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பில் நல்லவர், கெட்டவர் என்ற பிரிவே கிடையாது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே மூன்று. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனை நாவல்களில் ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடக்கும் பிரபஞ்சச் சண்டையிலிருந்து வந்த யோசனை அது. இந்த ஆட்டமே பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து முளைத்தது. ஆகவே அன்றைக்கு அலைன்மென்ட் என்பது மனசாட்சியைப் பற்றிய கேள்வியாக இல்லை. போர் மூண்டால் நீ எந்தப் படையில் நிற்பாய் என்பதுதான் கேள்வி. நடுநிலை என்றால் எந்தப் படையிலும் சேராதவன், அல்லது எதிலும் சேரக்கூடியவன்.

அதற்கு ஒரு நல்ல உதாரணம் கூலிக்குக் கொலை செய்பவன். 1975-ல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் இந்தத் தொழில் அறிமுகமானபோது அவன் கட்டாயம் நடுநிலைக்காரனாக இருக்க வேண்டும் என்று விதி. பணம் கொடுப்பவர் எந்தப் பக்கம் என்று அவன் பார்ப்பதில்லையே. 1976-ல் கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் நன்மை, தீமை என்ற இரண்டாவது அளவுகோலைக் கொண்டுவந்தார். 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் இரண்டு அளவுகோல்களும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து ஒன்பது கட்டங்கள் ஆயின. அதே கையேட்டில் கூலிக் கொலைகாரன் தீயவன் பக்கம் மாற்றப்பட்டான். அவன் செய்கிற வேலை ஒன்றுதான். கேட்கிற கேள்வி மாறியதும் பதில் மாறிவிட்டது.

ஒன்பது கட்டங்கள் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு அளவுகோல், விதிமுறையை மதிப்பவரா, தன் இஷ்டப்படி போகிறவரா என்று கேட்கிறது. இன்னொன்று, பிறருக்கு நல்லது செய்பவரா, கெடுப்பவரா என்று கேட்கிறது. இரண்டிலும் நடுவில் ஒரு இடம் உண்டு. இரண்டு அளவுகோலிலும் நடுவில் நிற்பவரை 'ட்ரூ நியூட்ரல்' என்பார்கள். விதிமுறையை விடமாட்டார், ஆனால் நன்மை தீமையில் நடுவில் நிற்கிறார் என்றால் 'லாஃபுல் நியூட்ரல்'. நன்மை தீமையில் நடுவில் நின்றுகொண்டு விதியையும் மதிக்காதவர் 'கேயாட்டிக் நியூட்ரல்'. இந்தக் கடைசி வகையைப் புதியவர்கள், முக்கியமாகப் பையன்கள், "என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்பதற்கு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

சரி, நன்மை தீமையில் நடுவில் நிற்பது என்றால் என்ன? 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதை மிகத் தெளிவாகச் சொன்னது என்பது என் அபிப்பிராயம். நடுநிலைக்காரருக்கு அப்பாவியைக் கொல்ல மனம் வராது. ஆனால் முன்பின் தெரியாதவருக்காகத் தன் உயிரையோ உடைமையையோ பணயம் வைக்கும் பிடிப்பும் அவருக்குக் கிடையாது. அவரை மற்றவர்களோடு கட்டிப்போடுவது சொந்த உறவுகள். தம்பிக்காக, நண்பனுக்காக, தன் ஊருக்காக எதையும் செய்வார். அடுத்த ஊர் எரிந்தால் வருத்தப்படுவார், கதவைச் சாத்திக்கொள்வார்.

இப்படிப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறோம். பரமபதப் படத்தில் நல்ல குணங்களுக்கு ஏணியும் கெட்ட குணங்களுக்குப் பாம்பும் போட்டிருப்பார்கள். ஆனால் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் நம் காய் நிற்பது இரண்டும் இல்லாத வெறும் கட்டத்தில்தான். ஆட்டத்தில் வரும் டீக்கடைக்காரர், சந்தைக்காரி, கண்மாயில் மீன் பிடிப்பவர் எல்லாரும் அந்த வகை. ஐந்தாம் பதிப்பு, அதாவது 2014-ல் வந்தது, இதையே இன்னும் எளிதாக்கி, தர்ம விவாதங்களிலிருந்து ஒதுங்கி அந்த நேரத்துக்கு எது சரியாகத் தோன்றுகிறதோ அதைச் செய்பவர் என்று சொல்லிவிட்டது.

விலங்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆட்டைத் தூக்கிப்போகும் சிறுத்தை தீயதல்ல, நடுநிலையும் அல்ல. அதற்கு அந்தக் கேள்வியே இல்லை. பழைய பதிப்புகள் விலங்குகளையும் நியூட்ரல் என்றே குறித்தன. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் 'அன்அலைன்ட்' என்று ஒரு சொல் வந்தது. ஐந்தாம் பதிப்பு அந்தச் சொல்லை விலங்கு போன்ற, தர்மம் யோசிக்க முடியாத உயிர்களுக்கு என்று ஒதுக்கியது. நல்ல திருத்தம்.

ஒதுங்கி நிற்பவரைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு வகை நடுநிலைக்காரர் இருக்கிறார். அவர் ஒதுங்குபவர் இல்லை. நன்மையும் தீமையும் சமமாக இருந்தால்தான் உலகம் நிற்கும் என்று நம்பி அதற்காக வேலை செய்பவர். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு இதைத்தான் உண்மையான நடுநிலை என்றது. அதில் கொடுத்த உதாரணம் ரொம்பப் பிரபலம். இயற்கையைக் காக்கும் ட்ரூயிட் என்ற பூசாரி, கழுதைப்புலி முகம் கொண்ட தீய நோல் கூட்டத்தை எதிர்த்து உள்ளூர்ப் படையோடு சேர்ந்து சண்டை போடுவார். நோல்கள் அழியும் நிலைக்கு வந்ததும் விலகிவிடுவார், அல்லது அவர்கள் பக்கமே தாவிவிடுவார்! சமநிலை கெடக் கூடாதாம்.

இப்படி ஒருவரை மேசையில் ஆடிப் பாருங்கள். இரண்டாவது சண்டைக்கு மேல் அவரை யாரும் தங்கள் கூட்டத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் கூடாது. கொள்ளைக்காரன் பாதி ஊரைக் கொன்றான், ஊர்க்காரர்கள் பாதிக் கொள்ளைக்காரர்களைக் கொன்றார்கள், இதோடு நிறுத்துவோம் என்பவர் ஞானி இல்லை. கணக்குப்பிள்ளைகூட இல்லை, ஏனென்றால் கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு யாருடையது என்றாவது தெரியும். ஒரு அனாதையைக் காப்பாற்றியதற்கு ஈடாக இன்னொருவன் வீட்டுக்குத் தீ வைக்கும் நடுநிலைக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன், எங்கள் மேசையிலேயே. அது தீமை, அவ்வளவுதான். நடுவில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாலும்.

சமநிலை என்ற யோசனை முழுக்க வீண் என்று சொல்ல வரவில்லை. மனிதர் அளவில் அபத்தமாக இருப்பது தெய்வங்கள் அளவில் அர்த்தமாகிறது. இந்த ஆட்டத்துக்கும் நாவல்களுக்குமாக 1984-ல் தொடங்கிய டிராகன்லான்ஸ் என்ற கற்பனை உலகத்தில் ஒரு பெருங்குரு வருகிறார். நன்மையின் பெயரால் ஆண்டவர். எல்லாத் தீமையையும் ஒழித்தே தீர்வேன் என்று கிளம்பி, மனிதர்களின் எண்ணங்களைக்கூடக் கண்காணித்துத் தண்டிக்க ஆரம்பித்து, கடைசியில் தேவர்களுக்கே உத்தரவு போடப் பார்க்கிறார். வானத்திலிருந்து எரியும் மலை ஒன்று விழுந்து அவர் நகரம் அழிகிறது. அந்த உலகத்தில் நன்மையின் வெள்ளை அங்கிக்கும் தீமையின் கறுப்பு அங்கிக்கும் நடுவே சிவப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள் ஏன் இருக்கிறார்கள் என்பது புரிகிறது. அங்கே நடுநிலைக்காரர் தீமையை வளர்ப்பதில்லை. நல்லவர் என்று சொல்லிக்கொள்பவர் கையில் எல்லா அதிகாரமும் குவிவதைத்தான் தடுக்கிறார்.

எங்கள் ஆட்டம் நடப்பது ஒரு கற்பனைச் செட்டிநாட்டில். பொட்டல், ஊருணி, கண்மாய், பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள். நிஜச் செட்டிநாட்டில் அந்த வீடுகள் பர்மா, இலங்கை, மலாயா வியாபாரப் பணத்தில் எழுந்தவை. இன்று ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். விசேஷத்துக்கு மட்டும் கதவு திறக்கும். கதை நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல பாதாளக் கோட்டை எங்கே கிடைக்கும்? ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில் மந்திரவாதி ஒருவனை ஒளித்துவைத்தேன். முகப்பில் சாவியோடு ஒரு காவல்காரரை உட்காரவைத்தேன். வீரர்கள் வந்தார்கள்.

"ஐயா, உள்ள மந்திரவாதி இருக்கான். கதவத் திறங்க."

"இருக்கட்டும் தம்பி. அவனும் சாவி கேட்டான், குடுக்கல. பின்பக்கம் ஓட்டப் பிரிச்சு எறங்கிட்டான். அதயும் பங்காளிகளுக்கு எழுதிப் போட்டாச்சு. ஒங்களுக்குத் திறக்கணும்னாலும் பதினோரு பேரும் சம்மதிக்கணும். அதுல ரெண்டு பேரு ரங்கூன்ல இருக்காக."

லாஃபுல் நியூட்ரல் என்பதை இவரை வைத்துத்தான் இப்போதெல்லாம் விளக்குகிறேன். வந்தவர் நல்லவரா கெட்டவரா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பங்காளிகள் சொல்தான் விதி. மந்திரவாதிக்குத் தராத சாவியை வீரர்களுக்கும் தரவில்லை. அப்புறம் ஒரு ஆட்டக்காரர் விடவில்லை: "உள்ள ஒரு பிள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, அழுகிற சத்தம் கேக்குது." கேட்டதும் மேசை அமைதியாகிவிட்டது. காவல்காரர் என்ன செய்வார் என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார். "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். கதவை அவர் திறக்கவில்லை. திறப்பதைப் பார்க்கவும் இல்லை.

அவர் இனிமேலும் நடுநிலைக்காரர்தானா என்று அன்றைக்கு ஆட்டத்தைவிட நீளமாகச் சண்டை நடந்தது. மரச்சாமான் கடையில் வேலை பார்க்கும் நண்பர், பிள்ளைக்காக விதியை வளைத்ததால் அவர் நல்லவராகிவிட்டார் என்றார். என் தீர்ப்பு வேறு. ஒரு அழுகைக்கு மனம் இளகுவது நடுநிலைக்காரருக்கும் நடக்கும். அப்பாவியைக் கொல்ல அவருக்கு மனம் வராது, பிறர் துன்பத்துக்கு வருத்தப்படுவார் என்றுதானே ஏற்கெனவே பார்த்தோம். அவர் தன் வேலையைப் பணயம் வைத்து உள்ளே போயிருந்தால் கட்டத்தை மாற்றியிருப்பேன். டீ குடிக்கப் போனதற்கு மாற்ற மாட்டேன்.

ட்ரூ நியூட்ரலுக்கு எங்களிடம் கிடைத்த நல்ல உதாரணம் ஒரு கோயில் காட்டுப் பூசாரி. அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் அந்தக் கதாபாத்திரத்தை ஆடினாள். 1978 கையேட்டின்படி ட்ரூயிட் என்றால் ட்ரூ நியூட்ரலாக இருந்தே ஆக வேண்டும். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் அவள் அதைத்தான் எடுத்தாள். அய்யனார் கோயிலைச் சுற்றி வீரை மரங்கள் அடர்ந்த காடு, அதிலிருந்து சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. மந்திரவாதியின் ஆட்கள் யாகத்துக்கு விறகு வெட்ட வந்தபோது அடித்து விரட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் நல்ல ராஜாவின் ஆட்கள் வைத்தியசாலைக்கு விட்டம் வெட்ட வந்தார்கள். அவர்களையும் அதே மாதிரி விரட்டினாள். இப்போது யாரும் கைதட்டவில்லை. ராஜாவின் தயவு போனது, கூட்டத்துக்கு வரவேண்டிய சம்பளம் போனது, கூட இருந்தவர்களே திட்டினார்கள். அவள் அசையவில்லை. அடிபட்டவர்களில் இரண்டு பக்கத்தாரையும் ஊருணிக்கரைக்குத் தூக்கிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

எல்லாருக்கும் பாதி பாதி தராசு பிடிப்பவள் இல்லை அவள். நன்மை, தீமை என்ற சண்டைக்கு வெளியே அவளுக்கு ஒரு கடமை இருக்கிறது. அந்தக் கடமையை எந்தப் பக்கம் மீறினாலும் ஒரே பதில். அதற்கான விலையையும் கொடுக்கிறாள். நடுநிலையை ஆடத் தெரிந்தவருக்கும், தப்பித்துக்கொள்ள எழுதியவருக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

நம் பழைய கதைகளிலும் இந்த ஆட்கள் உண்டு. மகாபாரதத்துப் பலராமன் பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதாயுதம் கற்றுக்கொடுத்தவன். இருவரும் தன் சீடர்கள் என்பதால் போரில் எந்தப் பக்கமும் சேராமல் தீர்த்த யாத்திரை போய்விட்டான். உறவால் கட்டுண்ட நடுநிலை. ஆனால் திரும்பி வந்து கடைசிக் கதாயுத்தத்தில் பீமன் தொடையில் அடித்ததைப் பார்த்ததும், இது விதி மீறல் என்று கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் அவனுக்குப் பக்கம் இல்லை. எப்படி ஜெயிக்கிறார்கள் என்பதில் இருந்தது. சேர மன்னன் உதியன் சேரலாதன் பாரதப் போரில் இரண்டு படைக்கும் பெருஞ்சோறு போட்டதாகப் புறநானூறு பாடுகிறது. பசித்தவன் எந்தக் கொடியின் கீழ் நின்றால் என்ன என்று சோறு போடுபவரை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? நான் நல்லவர் கட்டத்தில் வைப்பேன். ஏனென்றால் அவர் முன்பின் தெரியாதவர்களுக்காகத் தன் களஞ்சியத்தைக் காலி செய்கிறார்.

இதே காரணத்தால் பஞ்சாயத்தில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டு நியாயம் சொல்லும் பெரியவரையும் நியூட்ரல் என்று எழுதிவிடாதீர்கள். பக்கம் சாயாமல் தீர்ப்புச் சொல்வது நியாயத்துக்காக உழைப்பது. பெரும்பாலும் அவர் விதியையும் மதித்து நல்லதும் செய்யும் 'லாஃபுல் குட்' கட்டத்து ஆள். தீர்ப்புச் சொன்னதற்காக இரண்டு பக்கமும் பகைத்துக்கொண்டாலும் மறுநாள் திண்ணையில் வந்து உட்காருகிறாரே, அதைப் பாருங்கள்.

சிக்கலான ஒரு ஆளையும் சொல்கிறேன். சண்டையிடும் இரண்டு ராஜாக்களுக்கும் ஒரே வட்டிக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கடைக்காரரை ஒரு நண்பர் ஆடினார். அருமையான நடுநிலை, கணக்குச் சுத்தம். ஒரு ராஜா அந்தப் பணத்தில் ஆட்களை அடிமையாக வாங்குகிறான் என்ற தகவல் வந்தது. அடுத்த தவணையைக் கொடுப்பாரா? தெரியாமல் கொடுத்தவரைக்கும் அவர் நடுவில் நின்றார். தெரிந்த பிறகு, வட்டி வந்தால் சரி என்று கொடுத்தால் தீமைப் பக்கம் ஒரு அடி. அவர் கொடுத்தார். நான் எச்சரித்தேன். இரண்டாவது தடவையும் கொடுத்தபோது அவர் தாளில் அழித்து எழுதினோம். அவருக்குக் கோபம்தான், ஆனால் கதை அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

நடுவில் இருந்தால் அடிபட மாட்டோம் என்று நினைப்பவர்களுக்கு மூன்றாம் பதிப்பின் மந்திரங்கள் நல்ல மருந்து. அதில் 'ஹோலி வேர்ட்' என்று ஒரு மந்திரம், நல்லவர் அல்லாத எல்லாரையும் தாக்கும். அதற்கு நேர் எதிராக 'பிளாஸ்ஃபெமி', கெட்டவர் அல்லாத எல்லாரையும் தாக்கும். நடுநிலைக்காரர் இரண்டிலும் மாட்டுவார். 'ஹோலி ஸ்மைட்' மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டும், அவருக்குப் பாதி அடிதான். ஐந்தாம் பதிப்பில் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது. அதன் விதிகளை வைத்து 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி ஆட்டத்தில் அலைன்மென்ட் கட்டமே இல்லை. கூட வருபவர்கள் நீங்கள் செய்வதைப் பார்த்து மெச்சுவார்கள், முகம் சுளிப்பார்கள், சில சமயம் விட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் மேசையில் கட்டத்தை எடுக்கவில்லை, ஒரு வரி சேர்த்திருக்கிறோம். நியூட்ரல் என்று எழுதுகிறவர் அதன் கீழே, யாருக்காக அல்லது எதற்காக மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதையும் எழுத வேண்டும். 'என் தங்கச்சி', 'கோயில் காடு', 'கொடுத்த வாக்கு', எதுவானாலும் சரி. அந்த வரி காலியாக இருந்தால் அந்த ஆளை ஆட முடியாது, ஏனென்றால் கதை நடத்துபவருக்கு அவரை இழுக்கப் பிடி இருக்காது. முதல் நாளே தோன்றாவிட்டால் பென்சிலில் ஏதாவது எழுதிவையுங்கள், இரண்டு மூன்று ஆட்டத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.